கரையால் வந்தவன்

நாலு லொறி ரியூப், ஏழு மூங்கில்,
ஒரு சுருள் நைலோன் கயிறு.
மூதூரில் ரயர் கடை வைத்திருக்கும் மாமாவிடம்
அஜ்வத் கடன் சொல்லி வாங்கி வந்தான்.
தெப்பம் என்றான்.
எனக்கு அது
கவிழ்த்துப் போட்ட கட்டிலாகத்தான் தெரிந்தது.

வெள்ளி இரவு வெருகல் ஆற்றங்கரையில் கூடாரம்.
இரண்டு பேருக்கு என்று பெட்டியில் போட்டிருந்ததில்
ஐந்து பேர் தலையை மட்டும் உள்ளே வைத்துப் படுத்தோம்.
கால்களை நுளம்புக்குக் கொடுத்துவிட்டோம்.
யானை வருமா என்று மிதுனா கேட்டாள்.
வந்தால் சொல்லிவிட்டா வரும் என்றான் நிக்சன்.
அதன்பிறகு ஒவ்வொரு சருகுக்கும்
ஐந்து மூச்சும் ஒன்றாய் நின்றன.

சனி காலை மலை.
மலை என்றால் பெரிதாய் ஒன்றுமில்லை,
பாறைமேல் பாறை ஏறி நின்று
எட்டிப் பார்க்கிற உயரம்.
தவநேசன் முன்னால் போனான்,
முட்கொப்பை வளைத்துப் பிடித்து
கடைசி ஆள் தாண்டும்வரை விடாமல்.
உச்சியில் கச்சான் காற்று என் தொப்பியைப் பறித்தது.
கீழே ஆறு
முறுக்கிப் பிழிந்து காயப்போட்ட சாரம்போல் கிடந்தது.
அதற்கும் அப்பால் ஒரு நீலக்கோடு.
அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்றோம்.
அவன்தான் படம் எடுத்துத் தந்தான்.
பிறகு பார்த்தால்
ஒரு படத்திலும் அந்தக் கோடு இல்லை.

மத்தியானம் தெப்பத்தை இறக்கினோம்.
“நான் கரையால வாறன்” என்றான் தவநேசன்.

அவன் சல்லிக்காரன்.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.
அஜ்வத் மட்டும்,
“முடிச்செல்லாம் நீ போட்ட முடிச்சு, நீயே…”
என்று தொடங்கி
நடுவில் விட்டுவிட்டு
இறுகியிருந்த ஒரு முடிச்சைத் திரும்ப இறுக்கினான்.
எங்கள் செருப்புகளை மிச்சக் கயிற்றில் கோத்து
மாலையாய்ப் போட்டுக்கொண்டு
தவநேசன் நடக்கத் தொடங்கினான்.

ஆவணி ஆற்றுக்கு
எங்களைக் கொண்டுபோகும் அவசரம் எதுவும் இல்லை.
துடுப்பு என்று இருந்தது
ஒரு மண்வெட்டிப் பிடியும் சோற்றுச்சட்டி மூடியும்.
மருத மரங்களுக்கிடையில் அவன் சேட்டு தெரியும், மறையும்.
அடுத்த வளைவில்
எங்களுக்கு முன்னமே வந்து குந்தியிருந்து
பிஸ்கட் தின்றுகொண்டிருப்பான்.
“முதலை!” என்று ஒருதரம் கத்தினான்.
எட்டுக் கால்களும் மேலே ஏறின.
மரக்கட்டை.
அவன் சிரித்த சிரிப்புக்கு
கொக்குகள் எழும்பி அக்கரைக்குப் போய்விட்டன.

பிறகு காடு இறங்கிவந்து கரையை மூடியது.
கால் மணி நேரம், அரை மணி நேரம்,
சேட்டைக் காணவில்லை.
நிக்சன் பாட்டை நிறுத்தினான்.
மிதுனாதான் முதலில் கூப்பிட்டாள்.
பிறகு எல்லோரும்,
தவா, தவநேசா, டேய் தவா.
தண்ணீரில் போகிறவர்கள்
தரையில் போனவனைத் தேடிக் கத்துவது
முறை மாறிய காரியம்.
அந்தக் கூப்பாட்டில் என் குரலைக் கேட்க
எனக்கே பிடிக்கவில்லை.
அவன் எத்தனை வயதில்
இப்படி எந்தப் பெயரைக் கத்தினானோ.

தெப்பம் மணல் திட்டில் ஏறி நின்றது.
நாங்களும் நின்றோம்.
அப்போது பற்றை விலகியது.
கையெல்லாம் முள் கீறல்,
கழுத்தில் செருப்பு மாலை.
“ஏன்டா ஊரைக் கூட்டுறீங்கள்?” என்றான்.
கயிற்றை எறிந்தான். விழவில்லை.
திரும்பவும் விழவில்லை.
மூன்றாம் தரம் என் முகத்தில் விழுந்தது.
ஈரமண் தொடங்க ஒரு அடி முன்னால்
குதிக்காலை ஊன்றிக்கொண்டு
நாலு பேரையும் நாலு ரியூப்பையும்
அங்கிருந்தே இழுத்தான்.

செருப்பை எண்ணினோம். ஏழு.
நிக்சனின் இடது கால் காட்டோடு போய்விட்டது.

இரவு பாணும் டின் மீனும்.
யாரும் அதைப்பற்றிப் பேசவில்லை,
நுளம்பைப் பற்றிப் பேசினோம்.

ஞாயிறு பஸ்ஸில் கணக்குப் பார்த்தோம்.
தெப்பக் காசு ஐந்தாய்ப் பிரிந்தது.
“நான் ஏறவே இல்லையே” என்று
மூதூர் வரும்வரை சண்டை பிடித்தான்.
இறங்கும்போது
தன் பங்கை எண்ணித் தந்தான்,
ஒற்றைச் செருப்புக்குப்
பாதி விலையும் சேர்த்து.